நாற்பத்தொரு ஓம்

வீரசிங்கம் அண்ணையின் குரலுக்கு முன்னால் ஒன்பது விநாடி அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டு அன்றைக்கு ஆறாவது நாள். ஒட்டியதில் என் கையும் உண்டு என்பது அவர் வந்து சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை பால் வாங்குவதற்காகக் கீழே இறங்கினேன். எங்கள் குடியிருப்புக்கு எதிரே இருக்கும் பஸ் தரிப்பில் நின்ற ஒரு பெரிய மனிதர் கையைக் காட்டி மறித்தார். அறுபது கடந்தவர். நகரசபையில் பனி தள்ளும் லொறி ஓட்டுகிறவர்கள் போடும் செம்மஞ்சள் அங்கி. மீசையில் பனி உறைந்திருந்தது.

"நீங்கள்தானே வசுமதி? மொழிச் சான்றாளர்?"

"ஓம். நீங்கள்?"

"என்ர பேர் வீரசிங்கம். மணி அடிச்சுக் கூப்பிடேலாது தங்கச்சி. வாசல் மணியிலையும் அது கதைக்குது. அதுதான் ரெண்டு மணித்தியாலமா இதில நிக்கிறன்."

"எது கதைக்குது?"

என் எண்ணைக் கேட்டு வாங்கித் தன் போனில் அழுத்தினார். ஒரு முழத் தூரத்தில் நின்றபடி நான் எடுத்தேன். அவர் குரல் வரவில்லை. செய்தி வாசிப்பதுபோல் இனிமையான ஒரு பெண்குரல் வந்தது.

"கவனிக்கவும். இப்போது உங்களோடு பேச இருப்பவர், வெளிநாட்டு அரசு ஒன்றின் சார்பில் இயங்குபவராகப் பதிவு செய்யப்பட்டவர்."

அதற்குப் பிறகுதான் அண்ணையின் "அலோ" வந்தது, நேரிலும் போனிலுமாக இரண்டு தரம்.

அறிவிப்பு எனக்குப் புதிதல்ல. அதன் தமிழே என் தமிழ்தான். நான்கு வருடங்களுக்கு முன், நான் வேலை செய்யும் பதிவகம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். 'சார்பில் இயங்குபவர்' என்ற சொல்லுக்காக இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். 'கவனிக்கவும்' என்று தொடங்கினால் மிடுக்காக இருக்கும் என்று பட்டது. எழுதி முடித்துக் கண்ணாடி முன் நின்று வாசித்தும் பார்த்தேன். அதை ஒரு மனிதருடைய வாய்க்கு முன்னால் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அங்கியின் உள்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். செல்வாக்குப் பதிவகம். கருணைப் பதிவு. உரையாடல் பதினேழு நிமிடம். சம்மதச் சொற்கள் நாற்பத்தொன்று. அடியில், மொழிச் சான்று, தமிழ், எண் எழுபத்தேழு. அது என் எண். வெளிப்படைத்தன்மை என்று சொல்லி எங்கள் பெயர்களையும் எவரும் பார்க்கும்படி போட்டு வைத்திருந்தார்கள். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்.

"வாங்கோ அண்ணை, மேல போய்க் கதைப்பம்," என்றேன்.

தேத்தண்ணி கொதிக்கும்வரை அவர் அங்கியைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார். நான் அலுவலகத்தில் பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒப்புவித்தேன்.

"பயப்பிடாதேங்கோ. பதிவு எண்டது தண்டனை இல்லை. குற்றம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. வெளிநாட்டு அரசாங்கம் ஒண்டு இந்த நாட்டு அரசியலில ஒரு காரியம் செய்யச் சொல்லி உங்களிட்டக் கேட்டு, நீங்களும் சம்மதிச்சா, இருபத்தெட்டு நாளுக்குள்ள நீங்களாப் போய்ப் பதியோணும். காசு வாங்கியிருக்கத் தேவையில்லை. காரியத்தைச் செய்திருக்கவும் தேவையில்லை. சம்மதிச்சாக் காணும். பதிஞ்சிட்டால் ஒருத்தரும் உங்களை ஒண்டும் செய்யமாட்டினம். நீங்கள் பதியேல்லை. வழக்குப் போடாமல் அவையளே பதிஞ்சு விட்டிருக்கினம். அதுதான் கருணைப் பதிவு."

"நல்ல கருணை," என்றார். "நான் என்னத்துக்குச் சம்மதிச்சனானாம்?"

"தூதரகத்தில இருந்து ஒருத்தர் எடுத்தவரோ?"

"ஓம், எடுத்தவன். பிறப்புச் சான்றிதழில என்ர அப்பான்ர பேரைப் பிழையா அடிச்சுப்போட்டாங்கள். திருத்தித் தரச்சொல்லி எழுதினனான். ஒரு பெடியன் எடுத்தான். நல்ல பெடியன், எங்கட ஊர்ப்பக்கம். பத்து நிமிசம் ஊர்க்கதை. பிறகு மெல்லமாச் சொல்லுறான், ஐயா, வாற மாதம் துறைமுக ஒப்பந்தம் உங்கட பாராளுமன்றத்துக்கு வருகுது, அதை ஆதரிச்சு எம்.பி.க்குக் கடிதம் போடச் சொல்லி உங்கட சனத்துக்குச் சொல்லுவியளோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது? பாப்பம் எண்டனான்."

அடுப்பை அணைத்தேன்.

எங்கள் ஊரில் கலியாணம் பேசி வந்தவரிடம் வீட்டுக்காரர் 'பாப்பம்' என்று சொன்னால், வந்தவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார். இல்லை என்று முகத்தில் அடிக்காமல் ஆளை வாசல்வரை கொண்டுபோய் விடும் சொல் அது. 'ஓம்' அதைவிட மோசம். கோயிலில் சொல்லும் ஓம் அல்ல. எதிராளி பேசப் பேச, நான் இருக்கிறேன், கேட்கிறேன், வைத்துவிடவில்லை என்று காட்டுவதற்காக இடையிடையே போடுகிற ஓம். பத்து விநாடி போடாமல் விட்டால் "லைனில நிக்கிறியளோ?" என்று கேட்பார்கள். ஆம் என்பதற்கும் அதே ஓம்தான். எது எதுவென்று சொல்லித்தரும் இலக்கணம் கிடையாது. இழுப்பதிலும் இறக்குவதிலும் தெரியும்.

வெளிநாட்டு அரசுகளின் தொலைபேசி இணைப்புகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்குப் பதிவகத்தில் 'செவி' என்று பெயர். நூற்றுநாற்பது மொழி தெரியும். ஒலியை அது தானே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் எங்களுக்கு அனுப்பும். கேள்வி ஒரு பக்கம், பதில் மறுபக்கம். ஒரு நாளைக்கு நாற்பது கோப்பு. 'ஓம்' என்று அச்சில் இருந்தால் ஆம். 'பாப்பம்' என்பதற்கு நேரே 'பார்த்துக்கொள்கிறோம்' என்று எழுதியிருந்திருக்கும். நான் சரி போட்டிருப்பேன். எட்டு வயதுவரை அந்த ஊரில் வளர்ந்தவள், வீட்டில் இன்றைக்கும் அந்தத் தமிழ் பேசுகிறவள், சரி போட்டிருக்கிறேன்.

"நீங்கள் எங்கட ஆள்தானே தங்கச்சி," என்றார் அண்ணை. கோபமே இல்லாமல் கேட்டதுதான் சுட்டது. "உங்களுக்குமோ விளங்கேல்லை?"

"எழுத்தில வந்தது அண்ணை. சத்தம் கேக்கேல்லை."

"ஓ."

கோப்பையை முன்னால் வைத்தேன். "இந்த அறிவிப்போட எத்தினையோ பேர் இருக்கினம். கொஞ்ச நாளில சனத்துக்குப் பழகிப் போயிடும். உங்களுக்கு இதால பெரிய இடைஞ்சல் ஏதும் இருக்கோ?"

"ஒரேயொரு இடைஞ்சல்தான். திலகவதி ரீச்சர் போன் எடுக்கிறா இல்லை."

பிறகு அவர் சொன்னது இது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த திலகவதி ரீச்சருக்கு எண்பத்துமூன்று வயது. ஆறு மணித்தியால பஸ் தூரத்தில், வேறொரு பட்டணத்தில், முதியோர் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். நீரிழிவில் கண் இரண்டும் போய்விட்டது. தினம் காலை எட்டு மணிக்கு வீரசிங்கம் அண்ணை எடுப்பார். ரீச்சர் இன்சுலின் ஊசிப் பேனையைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்துத் திருப்புவார். ஒரு அலகுக்கு ஒரு டிக். இங்கே இவர் எண்ணுவார். பதினாலு வந்ததும் "காணும் ரீச்சர், போதும்" என்பார். முப்பத்தொரு வருடமாக எட்டு மணி அழைப்பு. கண் போன பிறகு ஆறு வருடமாக இந்த எண்ணிக்கை.

"நேர்ஸ் வரமாட்டாவோ?"

"வருவா. ரீச்சருக்கு வேற ஆக்கள் தொடுறது பிடியாது. அவ ஒரு மாதிரி. ஆரையும் நம்பமாட்டா. அவவுக்கு நடந்தது அப்பிடி."

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவவின்ரை மகன் தயாபரனும் நானும் ஒரு வயது. ரெண்டு பேரும் ஒரே சைக்கிளில வந்தனாங்கள். சந்தியில ஆமிக்காரங்கள் மறிச்சு ரெண்டு பேரையும் வாகனத்தில ஏத்தினவங்கள். என்னை மூண்டாம் நாள் விட்டவங்கள். அவன் வரேல்லை. நாப்பத்திரண்டு வருசமாச்சு, இன்னும் வரேல்லை. நான் வெளியில வந்த அண்டைக்கு நேர அவவின்ரை வீட்டைதான் போனனான். அவ என்னட்டக் கேட்டது ஒண்டுதான், சாப்பாடு குடுத்தவங்களோ எண்டு. அதுக்குப் பிறகு இண்டுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்லை."

அவர் கோப்பைக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

"அந்த நேரம் ஸ்பீக்கர் கட்டின வாகனம் வரும் தங்கச்சி. 'கவனிக்கவும்' எண்டுதான் துவங்கும். ஆரெல்லாம் சந்திக்கு வரோணும் எண்டு சொல்லும். இப்ப என்ர போனில, காலமை எட்டு மணிக்கு, அதே சொல்லு. அவ என்ன நினைச்சிருப்பா எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துப் பார்க்க நான் விரும்பவில்லை. கண்ணாடி முன் நின்று வாசித்தது ஞாபகம் வந்தது.

"நீங்கள் ஒரு கடிதம் எழுதினாப் போதுமாம். மொழிபெயர்ப்புப் பிழை எண்டு. நூலகத்தில கடிதம் வாசிச்சுச் சொல்லுற பிள்ளை சொன்னவள். எழுதுவியளோ?"

எழுதலாம். சான்றைத் திரும்பப் பெறுவது என்று அதற்குப் பெயர். பதினோரு வருடத்தில் எந்த மொழிச் சான்றாளரும் அதைச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. செய்தால் என் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆளின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"பாப்பம் அண்ணை," என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். கோப்பையை மெல்ல மேசையில் வைத்துவிட்டு எழும்பினார். "நல்லது தங்கச்சி, உங்களைக் கரைச்சல் படுத்திப்போட்டன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். சொன்ன எனக்கு உறைத்ததைவிட வேகமாக அவருக்கு விளங்கியிருந்தது.

திங்கட்கிழமை என் மேலாளர் ஹெலனிடம் போனேன். எழுதிக் கொடுப்பதற்கல்ல. சும்மா விசாரித்துப் பார்ப்பதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹெலன் நல்ல பெண். சுற்றி வளைக்கமாட்டாள். "உங்கள் மொழியில் 'ஆம்' என்றால் 'இல்லை'யா?" என்று கேட்டாள்.

"சில வேளைகளில்."

"எந்த வேளைகளில் என்று செவிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?"

"சொல்லிக்கொடுக்க முடியாது. கேட்கிற காது அந்த ஊர்க் காதாக இருக்க வேண்டும்."

"அதற்குத்தானே உங்களை வைத்திருக்கிறோம்," என்றாள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையைச் சொன்னாள். பிறகு நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டாள். "வசுமதி, ஒன்றைத் திரும்பப் பெற்றால் நீங்கள் கையெழுத்திட்ட எல்லாமே நிறுத்தப்படும். பதிவில் முடிந்தவை மட்டும் இரண்டாயிரத்து முந்நூறு. அதில் அப்பாவிகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. உண்மையான ஆட்கள் இருப்பது தெரியும். அந்தப் பத்திரிகைக்காரப் பெண்ணை, ஊரில் இருக்கும் உன் தங்கைக்கு என்ன நடக்கும் தெரியுமா என்று மிரட்டிக்கொண்டிருந்தானே ஒருவன். அவன் குரலிலிருந்தும் அறிவிப்பு போய்விடும். அவள் போனை எடுப்பாள். இந்த முறை யாரென்று தெரியாமல் எடுப்பாள்."

இந்தச் சட்டம் கெட்ட சட்டம் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. சங்கத் தலைவர் என்றும் கோயில் தர்மகர்த்தா என்றும் சால்வை போட்டுக்கொண்டு, ஊர் அரசாங்கத்தின் காதாகவும் வாயாகவும் திரிந்தவர்களை எனக்குத் தெரியும். யாருக்காகப் பேசுகிறாய் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசு என்று கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. அதை நம்பித்தான் அந்த வேலைக்குப் போனேன். அந்தப் பெண்ணின் கோப்பில் கையெழுத்துப் போட்ட அன்று நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

ஆனால் அண்ணை வந்து போனதிலிருந்து பன்னிரண்டு நாள் நான் பேசாமல் இருந்தது அந்தப் பெண்ணுக்காக என்று சொன்னால் அது பச்சைப் பொய். வேலைக்காக இருந்தேன். வெட்கத்துக்காக இருந்தேன். பதினோரு வருடம் தமிழுக்குக் காது நான்தான் என்று நிமிர்ந்து நடந்தவள், கேட்காத காதோடு கையெழுத்துப் போட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்று எழுதவாவது முடியும். நான் பிள்ளையாரே பிடிக்கவில்லை, வந்ததை உருட்டி வைத்திருக்கிறேன்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் போன் அடித்தது. எடுத்தேன்.

"கவனிக்கவும். இப்போது உங்களோடு பேச இருப்பவர்..."

ஒன்பது விநாடி முழுவதையும் கேட்டேன். இரண்டு வார்த்தைக்குள் என் கை போனை வைக்கப் போனதையும் சொல்லத்தான் வேண்டும்.

"தங்கச்சி, நான் வீரசிங்கம். ரீச்சரின்ர இடத்தில நிக்கிறன்."

"போனனீங்களோ? கண்டனீங்களோ?"

"கீழ வாசலில மணி அடிச்சன். அது சொல்ல வேண்டியதைச் சொல்லிச்சு. கதவு திறக்கேல்லை. துப்புரவாக்கிற பெடியன் ஒருத்தன் என்னை உள்ளுக்கு விட்டான். மேல போய்க் கையால தட்டினன். கையால தட்டினா அது ஒண்டும் சொல்லாதுதானே. உள்ளுக்கை இருந்து ரீச்சர் சொல்லுறா, 'இங்க ஆரும் இல்லை' எண்டு."

அண்ணை சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"'ரீச்சர், நான் வீரசிங்கம்' எண்டன். 'வீரசிங்கத்தைப் பிடிச்சிட்டியள், அவன்ர குரலையும் எடுத்து வைச்சிருக்கிறியளோ' எண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல? இந்தக் காலத்தில ஆரின்ர குரலையும் ஆரும் போடலாம்தானே. நேர்ஸையும் அஞ்சு நாளா உள்ளுக்கு விடேல்லையாம். நான் கதவடியில இருந்து ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணிப் பாத்தன். எண்ணினா நான்தான் எண்டு நம்புவா எண்டு நினைச்சன். அவ அழத் துவங்கிட்டா. பிறகு சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அம்புலன்சுக்கு அடிச்சு, கதவை உடைச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போட்டினம்."

"ஐயோ. உயிருக்கு..."

"இருக்கிறா. சீனி ஏறினதாம். ரெண்டு நாளில விட்டிடுவினமாம். என்னை வாட்டுக்குள்ள விடேல்லை. பதிவான ஆள் எண்டு இல்லை, அப்பிடியொரு சட்டமும் இல்லையாம். அவதான் வேண்டாம் எண்டவவாம்."

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. தகவல் சொல்லத்தான் எடுத்தார், சொல்ல அவருக்கு வேறு ஆளில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரமே ஹெலனின் மேசையில் கடிதத்தை வைத்தேன். சட்டப் பிரிவுகளைப் போட்டு இரண்டு பக்கம். அதன் நடுவில் ஒரு வரி மட்டும் என் மனதிலிருந்து எழுதினேன். "தமிழ் பேசும் எந்தக் காதும் இந்த ஓமைக் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் கண்டுவிடும், நான் கேட்காமலே கையெழுத்திட்டேன்." ஹெலன் வாசித்தாள். என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினாள். "மன்னித்துக்கொள்ளுங்கள்," என்று அவள்தான் சொன்னாள்.

ஒரே கிழமையில் இரண்டாயிரத்து முந்நூறு குரல்களிலிருந்து அறிவிப்பு கழன்றது. அந்தப் பத்திரிகைக்காரப் பெண்ணை நானே போய் எச்சரித்தேன். கதவைத் திறந்தவள் நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் சாத்தியதில் நியாயம் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு வீரசிங்கம் அண்ணையின் வீட்டில் இருந்தேன். ஒற்றை அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை. தனியாக எடுக்கப் பயமாக இருக்கிறது, பக்கத்தில் வந்து இருங்கள் என்று கேட்டிருந்தார். முகம் வழித்து, வெளுத்த சட்டை போட்டு, யாரோ பெரியவர் வீட்டுக்கு வருவதுபோல் ஆயத்தமாக இருந்தார். முதலில் என் போனுக்கு அடித்துப் பார்த்தோம். நேரே அவர் குரல் வந்தது. "அலோ, அலோ, அலோ," என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

எட்டு மணிக்கு ஸ்பீக்கரில் போட்டு அழுத்தினார். ஐந்து தரம் அடித்து ஆறாவதில் எடுபட்டது.

"அலோ," என்றது ஒரு மெலிந்த குரல். அதன் பிறகு அந்தக் குரல் காத்திருந்தது. அறிவிப்புக்குத்தான் காத்திருந்தார் என்பது சற்றுப் பிந்தித்தான் எனக்கு விளங்கியது.

"ரீச்சர், நான் வீரசிங்கம்."

"அந்தப் பொம்பிளை கதைக்கேல்லை."

"இல்லை ரீச்சர். அதை எடுத்துப்போட்டினம். பிழையாப் போட்டதாம்."

"அப்ப நீதான்."

"நான்தான் ரீச்சர்."

"உன்னை விட்டிட்டாங்கள்."

"ஓம் ரீச்சர்."

அண்ணை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்பதுபோல் ஆட்டினார்.

"சாப்பாடு குடுத்தவங்களோ?" என்று கேட்டார் ரீச்சர்.

அண்ணையின் முகம் உடைந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். என்னை ஒருவரும் பிடித்துக்கொண்டு போகவில்லை ரீச்சர், அது வெறும் கடதாசி என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்ல அவரிடம் குரல் இல்லை. "ஓம்," என்றார்.

"சும்மா விட்ட ஒருத்தரையும் நான் இத்தினை வயசுக்குக் காணேல்லை, வீரசிங்கம்."

"ஓம்."

"அண்டைக்கும் உன்னை மூண்டாம் நாள் விட்டவங்கள்."

"ஓம் ரீச்சர்."

"நான் கேக்கேல்லை. கேட்டா நீ பிறகு வரமாட்டாய் எண்டு கேக்கேல்லை. எனக்கும் ஆர் இருந்தது? உன்ர குரலைக் கேட்டா அவன்ர ஞாபகம் வரும். அதுக்காக வைச்சிருந்தனான்."

"ஓம்... ஓம்..." அண்ணை அழுதுகொண்டிருந்தார். கண்ணீர் மேசையில் விழுந்தது. நான் அவர் தோளில் கையை வைத்தேன், அவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

"இப்ப வயசு போட்டுது. கேட்டிட்டுச் சாகிறன். அவனைக் காட்டிக்குடுத்திட்டோ நீ வெளியில வந்தனீ?"

அண்ணை வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. ரீச்சர் போனை வைத்துவிடுவாரோ என்ற பயம் அவர் கண்ணில் அப்படியே தெரிந்தது. முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் வாய் தானாக அசைந்தது.

"ஓம்... ரீச்சர்... ஓம்..."

ரீச்சரின் குரலில் கோபம் இருக்கவில்லை, களைப்பு மட்டும் இருந்தது.

"சரி. நேர்ஸ் பிள்ளை வந்து ஊசி போடுறாள். நல்ல பிள்ளை. இனி நீ எண்ண வேண்டாம்."

வைத்துவிட்டார். அண்ணை திரும்ப அடித்தார். எடுபடவில்லை. இன்னொரு தரம் அடித்தார். அந்த எண்ணுக்கு இனி உங்கள் அழைப்புப் போகாது என்று வந்தது.

ரீச்சர் எங்கள் ஊரில் பிறந்து, எங்கள் ஊரிலேயே தமிழ் படிப்பித்தவர். அவருடைய காதைவிட நல்ல காது நூற்றுநாற்பது மொழி தெரிந்த செவிக்கு எங்கே இருக்கப்போகிறது? எந்தத் தமிழ்க் காதும் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் காணும் என்று எழுதி, அதற்கு வேலையையும் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ரீச்சரின் காது அதைச் சம்மதம் என்றே எடுத்தது. நானோ நேரில் இருந்தேன். முகத்தைப் பார்த்தபடி, இரண்டு காதாலும் கேட்டேன். அது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற ஓமா, மற்ற ஓமா? எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

வெளியே யாருடைய வாசலிலோ பனி வழிக்கும் சத்தம் கேட்டது. அண்ணை சட்டைக் கையால் மேசையைத் துடைத்தார். ஒரு துளியும் மிச்சமில்லாதபோதும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"தங்கச்சி, நான் லைனில நிக்கிறன் எண்டதுக்குத்தான் ஓம் போட்டனான். உங்களுக்கு விளங்கினதுதானே?"

"ஓம் அண்ணை," என்றேன்.